இரண்டு கோடுகளும் சேர்ந்து குதித்த நாள்

ஓய்வு பெற்றவர்களிடம் எதையாவது எழுதித் தரச் சொல்வது ஆபத்தான காரியம். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆனாலும் அனீஷ் கேட்டுவிட்டான். இன்று உங்கள் பிரிவுக்குத் தலைவனாக உட்கார்ந்திருக்கிறானே, அதே அனீஷ்தான். என்னோடு வேலை பார்த்த காலத்தில், கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பொன்முடி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் ஏறி இறங்கியதையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். "புதுசா சேர்ந்த பிள்ளைகளுக்கு எந்தெங்கிலும் எழுதித் தாங்க மேடம். இங்கிலீஷ்ல வேண்டா, அது லைப்ரரி நிறைய உண்டு" என்றான். மலையாளத்தில் எழுதினால் அவனே திருத்துவான். தமிழில் எழுதினால் திருத்த ஆளில்லை. எனவே தமிழ். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

நம் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பாறசாலை உறவுக்காரர்களிடம் நான் எப்படிச் சொல்வேன் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் கல்யாண வீடுகளில் உதவும். டிரான்சிஸ்டர் என்பது ஒரு குழாய். மின்சாரம் அதில் ஓடும் தண்ணீர். மேலே ஒரு திருகு இருக்கிறது. அந்தத் திருகின் மேல் நாம் ஒரு கிருமியின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஒட்டி வைக்கிறோம். புரதம் வந்து ஒட்டினால் அதன் மின்னேற்றமே திருகைக் கொஞ்சம் திருப்பிவிடும். சாயம் பூச வேண்டாம், ஒளிரும் அடையாளம் எதையும் கட்டிவிட வேண்டாம். வந்தவன் தானே கதவைத் தட்டிச் சொல்கிறான்.

இதற்கு ஒரே எதிரி உப்பு. சாம்பிளில் உப்பு அதிகமானால் அதன் அயனிகள் புரதத்தைச் சுற்றி மொய்த்து அதன் மின்னேற்றத்தை மறைத்துவிடும். ஆற்றுகால் பொங்காலைக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் சொந்த அக்காவே கண்ணுக்குத் தெரியமாட்டாள், அதைப் போல. அதனால் சாம்பிளை ஓர் அளவுக்குத் தண்ணீர்விட்டு நீர்க்கச் செய்துதான் சிப்பில் விடுவோம். அந்த அளவை ஆய்வகத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. ஆன்டிபாடி ஒட்டிய டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில், ஒன்றுமே ஒட்டாத வெறும் டிரான்சிஸ்டர் ஒன்றை வைப்போம். சூடு, வெளிச்சம் என்று எது ஆட்டினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஆட்டம் போய், கிருமி மட்டும் மிஞ்சும். எங்கள் கருவியின் திரையில் அந்தக் கழித்த கோடு மட்டுமே வரும். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் நாங்கள் எல்லோரும் மயங்கித்தான் கிடந்தோம்.

நாங்கள் தேடியது எலிக்காய்ச்சல் கிருமியை. மழைக்காலம் வந்தால் நம் ஊரில் இந்தக் காய்ச்சல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண மருந்து போதும். விட்டால் சிறுநீரகத்தில் கைவைக்கும், ஆளையே கொண்டுபோகும். ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பல நேரம் காரியம் கைமீறிவிடும். அதனால் சிறுநீரிலிருந்தே அங்கேயே உடனே சொல்லும் ஒரு கருவி வேண்டும் என்பது எங்கள் ஆசை. விதுரா தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தார்கள். மேலே தேயிலைத் தோட்டங்களிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வருபவர்கள் முதலில் வந்து சேரும் இடம் அது.

எங்கள் ஆய்வகத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சிப் வந்தால் அதைச் சோதிக்க முதல் சாம்பிள் நம்முடையதுதான். தலைவர் முதல் எல்லோரும் காலையில் ஆளுக்கொரு குப்பியை நிரப்பிக் கொடுப்போம். அதில் கிருமியின் புரதத்தைத் தெரிந்த அளவில் கலந்து, சிப் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்போம். அதைப் பற்றிய கேலிகளை இங்கே எழுத முடியாது. நீர்க்கச் செய்யும் அளவையும் இந்தக் குப்பிகளை வைத்துத்தான் முடிவு செய்தோம். ஏசி அறை, மேசைதோறும் தண்ணீர் பாட்டில், மணிக்கொருதரம் சாயா. எங்கள் குப்பிகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. இது யாருக்கும் உறுத்தவில்லை.

மலையடிவாரத்தில் சோதனை நன்றாகவே போனது. எங்கள் கருவி என்ன சொன்னாலும் அதைப் பார்த்து யாருக்கும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது விதி. நகரத்திலிருந்து வரும் முடிவோடு பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் அது. அங்கே டாக்டர் ரம்யா, சின்ன வயது, பிஞ்சு முகம், ஆனால் வேலையில் புலி. முதலில் எங்கள் அறைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தாள். பிறகு நகரத்து முடிவுகள் வர வர, நாங்கள் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒத்துப்போக ஆரம்பித்தன. ஒத்துப்போனவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்துக் கடைக்காரர்களும் ரப்பர் வெட்டுகிறவர்களும் என்பதை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. மழை வலுத்தது, வராந்தா வரை நோயாளிகள் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். ரம்யா கதவோரம் வந்து, "மேடம், சும்மா கேக்குறேன், அந்த ஆளுக்கு என்ன காட்டுது?" என்று கேட்கத் தொடங்கினாள். அனீஷும் சும்மா சொல்லத் தொடங்கினான். நம்பிக்கை இப்படித்தான் வரும், கதவோரமாக.

இனி அந்த நாள். எங்கள் திட்டத்துக்குப் பண உதவி தொடருமா என்று முடிவு செய்ய ஒரு குழு வந்திருந்தது. எங்கள் தலைவர் அவர்களை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் பெயரைப் போட்டால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார், எல்லோரையும் போல சார் என்றே சொல்கிறேன். கரமனைப் பக்கத்து அக்ரகாரத்துக்காரர். அந்தத் தெருத் தமிழை ஆய்வகத்திலும் விடாதவர். குழுவுக்கு முன்னால் அன்றைய சாம்பிள்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினோம்.

அதில் ஒன்று செல்வராணியுடையது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், முப்பதை ஒட்டிய வயது. விட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் முகம் சுளித்தாள். ரம்யாவுக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் மழையில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களில் யாருக்குத்தான் கால் வலி இல்லை? படுக்கை எல்லாம் நிரம்பி வழிந்தது. ரம்யா கதவோரம் வந்து பார்த்தாள். திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கிருமி இல்லை. ரம்யா போய்க் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, "வீட்ல போய் ரெஸ்ட் எடு, குறையலைன்னா வா" என்று அனுப்பிவிட்டாள். மேலே போகும் பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கும். அதை விட்டால் சாயந்திரம் வரை வேறு வண்டி கிடையாது. அதில் ஏறிவிட்டால், அன்றைக்கு அவள் கீழே இறங்கவும் வழி கிடையாது.

குழுவில் ஒருவர் அந்தப் படுத்த கோட்டைக் காட்டி, "எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்று பாராட்டினார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு கோட்டை அழகு என்று சொன்னால் அதன் உள்ளே கையைவிட்டுப் பார்க்கத் தோன்றும். அவர்கள் அடுத்த சாம்பிளுக்குப் போனதும், நான் செல்வராணியின் சாம்பிளுக்கான மூலக் கோடுகளை, கழிப்பதற்கு முந்திய இரண்டையும், இன்னொரு கணினியில் திறந்து பார்த்தேன். சாம்பிளை விட்ட நொடியில் இரண்டு கோடுகளும் சேர்ந்து குதித்திருந்தன. சாதாரணக் குதிப்பா அது? ஆய்வகத்தில் நான் பார்த்தே இராத குதிப்பு. இரண்டும் ஒரே அளவு குதித்ததால் கழித்தபோது ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. திரைக்கு அது சுத்தமான பதில்.

இரண்டையும் சேர்த்துக் குதிக்க வைப்பது எது? சூடு மாறவில்லை. வெளிச்சம் நுழைய மூடியைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த சாம்பிள் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. அந்த நிறம் எனக்கு அந்நியமில்லை. சிப் செய்யும் தூய்மை அறையில் உடை மாட்டிக்கொண்டு நுழைந்தால், நடுவில் வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுவது பெரும்பாடு. அதனால் உள்ளே போகிற நாட்களில் நாங்கள் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அந்த நாட்களில் மாலையானால் எனக்கும் இதே நிறம்தான். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் யார் குப்பி நிரப்பிக் கொடுத்தார்கள்? தேயிலைச் சரிவில் மறைவிடம் ஏது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் தண்ணீர் குடித்திருக்கமாட்டாள். போதாததற்குக் காய்ச்சல் வேறு. சாம்பிளில் உப்பு குவிந்து கிடக்கிறது, இரண்டு கோடுகளையும் குதிக்க வைத்தது அதுதான். நாங்கள் விட்ட தண்ணீர் அதற்குப் போதாது. கிருமியின் புரதம் அங்கே இருந்தால்கூட எங்கள் சிப்புக்குத் தெரிந்திருக்காது.

"இருந்தால்கூட" என்பதைக் கவனியுங்கள். இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இல்லை என்று சொன்னதற்கு அடிப்படை இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அதற்குள் வாசலில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அனீஷிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது. "மேடம், விசிட்டர்ஸ் போனதும் பார்க்கலாமே? இப்போ பறஞ்சா எல்லாம் போச்சு" என்றான். தப்பான பிள்ளை இல்லை, அவனுடைய வேலையே அந்தத் திட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பொறுத்துப் பேசலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பஸ் பொறுக்காதே.

நேராக சாரிடம் போய்க் காதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு காதில் பேசுவதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன கிரேஸ், நன்னாத்தான் சொல்லேன்" என்றார்.

சொன்னேன். குழுவில் ஒருவர், "அப்படியானால் உங்கள் கருவி தவறு என்கிறீர்களா?" என்றார்.

சார் அவரிடம், "தப்பா சரியான்னு இப்போ எங்களுக்குத் தெரியலை. அதைத்தான் அவ சொல்றா" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "இன்னும் ஏன் நின்னுண்டிருக்கே? அந்தப் பொண்ணு பஸ்ல ஏறிடப் போறா, போ!" என்று விரட்டினார். அவரிடம் வேலை பார்த்த வருடங்களில் அவர் எனக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அந்த ஒரு விரட்டல்தான் என்று இன்றும் நினைக்கிறேன். குழுவைச் சமாளிக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார்.

வழியில் ரம்யாவைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் புறப்பட்டு நகர ஆரம்பித்திருந்தது. ரம்யா முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். கண்டக்டர் தலையை நீட்டி, "எந்தா டாக்டரே இது? இப்பவே லேட்டாணு!" என்றார். செல்வராணி ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"செல்வராணி, இறங்கும்மா. உன்னை அட்மிட் பண்ணணும்" என்றாள் ரம்யா.

"இப்பத்தான ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க?" என்றாள் அவள். "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துரும் டாக்டரம்மா. வீட்ல ஆள் இல்ல."

ரம்யா என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் நான்தான். குழுவுக்கு முன்னால் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. குழுவிடம் உப்பு, அயனி என்று பேசலாம். காய்ச்சலில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவளிடம் என்னத்தைப் பேசுவது?

"நான்தான் சொன்னேன், ஒண்ணும் இல்லைன்னு" என்றேன். "நான் சொன்னதை நம்பாத. எங்க மெஷினுக்கு உன்னோடதைப் பார்க்கத் தெரியலை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா நீ மேலே போயிட்டு, இருந்துச்சுன்னா, அப்புறம் உன்னைக் கீழே கொண்டுவர முடியாது."

"காலைல தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போயிப் போயி அப்படியே பழகிப்போச்சு மேடம். அங்க ஒதுங்க எடம் ஏது?" என்றாள். இடுப்பில் செருகியிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சீட்டைப் பற்றி மெல்ல எழுந்தாள். பக்கத்தில் இருந்த பெண், பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கண்டக்டரே கைகொடுத்து இறக்கிவிட்டார்.

ரம்யா அதற்குப் பிறகு எங்கள் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். ரத்தத்தை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஏற்றத் தொடங்கினாள். மறுநாள் செல்வராணிக்குச் சிறுநீர் குறைந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல்தான். சிறுநீரகம் சற்றுத் தள்ளாடிவிட்டுத் தேறியது. மலைமேல் வீட்டில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ரம்யா சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. செல்வராணி தேறிவிட்டாள் என்று ஃபோன் வந்தபோது நான் ஆய்வகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

குழு வந்த அன்றைக்கே, அவர்களை அனுப்பிவிட்டு, சார் செய்த முதல் வேலை ஒன்று உண்டு. "இவளுக்கு இல்லைன்னு சொன்னா மாதிரி இதுக்கு முன்னாடி யார் யாருக்குச் சொல்லியிருக்கோம்? அதெல்லாத்தையும் திறந்து பாருங்கோ" என்றார். அனீஷ் உட்கார்ந்து, இரண்டு கோடும் சேர்ந்து குதித்தவர்களை எல்லாம் பிரித்தெடுத்தான். ஏறத்தாழ எல்லோரும் கொழுந்து பறிக்கும் பெண்கள். ரம்யா ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போய், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்திலும் தேடிப் பார்த்தாள். நல்லவேளை, எல்லோரும் தப்பித்திருந்தார்கள், காய்ச்சல் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேருக்கு மருந்து கொடுத்தாள். ஒரு தப்பு கண்ணில் பட்டால் அதைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அதன் கூடப் பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். இதை நான் சாரிடம் பார்த்துக் கற்றேன், அவர் வாயால் சொல்லி இல்லை.

குழு எங்களைக் கைவிட்டுவிடும் என்றுதான் நினைத்தோம். விடவில்லை. கோடு அழகு என்றவரே, சிப்பைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று எழுதினார். அழகு என்று இனி எதையும் சொல்லமாட்டார் என்று அனீஷ் கேலி செய்தான்.

திருத்தினோம். இரண்டு டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் உப்பை மட்டும் அளக்கும் மூன்றாவது ஒன்றை வைத்தோம். உப்பு எல்லை தாண்டினால் கருவி உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லாது. "தெரியவில்லை" என்று திரையில் காட்டும். அப்போது சாம்பிளை இன்னும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும், அல்லது டாக்டர் தன் கண்ணையும் கையையும் நம்ப வேண்டும். தெரியவில்லை என்று சொல்ல ஒரு மெஷின் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களை ரம்யாவிடம் அனுப்பிவைத்தோம். எங்கள் குப்பி வழக்கத்தையும் விட்டுவிட்டோம். நம் உடம்பை வைத்து ஊரார் உடம்பை அளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் புதுச் சிப்போடு மலையடிவாரத்துக்குப் போனோம். தோட்டத்துப் பெண்களின் சாம்பிளை வைத்தால் "தெரியவில்லை", "தெரியவில்லை" என்று திரை ஓயாமல் சொன்னது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேருக்கு அப்படி வருகிறது என்று ரம்யா கேட்டு வாங்கிப் போனாள். எதற்கு என்றேன். "ஒரு சண்டைக்கு வேணும் மேடம்" என்றாள். அவள் சண்டை போடுவது புதிதில்லை, நான் மேலே கேட்கவில்லை.

அதற்கும் அடுத்த வருடம்தான் அனீஷ் பதறிப்போய் என்னை வரவழைத்தான். செல்வராணியின் தோட்டத்திலிருந்து வரும் சாம்பிள்களுக்குத் "தெரியவில்லை" என்று வருவது நின்றே போயிருந்தது. "சால்ட் சென்சர் போச்சு மேடம். உறப்பா போச்சு" என்று அடித்துச் சொன்னான். சிப்பை மாற்றினோம், வயரை மாற்றினோம், உப்புத் தண்ணீரை நாங்களே கரைத்துவிட்டுப் பார்த்தோம். சென்சர் சரியாகத்தான் படித்தது. ஆனாலும் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. மேசை முழுக்கக் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்ள வந்திருந்த செல்வராணி எட்டிப் பார்த்தாள். முகம் தெளிந்து, சதை பிடித்து, ஆளே மாறியிருந்தாள்.

"என்ன மேடம், இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டீங்க?"

"உங்க தோட்டத்து ஆளுங்கன்னா இது தெரியலைன்னு முழிக்கும். இந்த வருஷம் முழிக்கவே மாட்டேங்குது. எங்கேயோ கெட்டுப்போச்சு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "மெஷின் கெடல மேடம். டாக்டரம்மா மேனேஜர்கிட்ட மல்லுக்கு நின்னு, சரிவுக்கு நடுவுல எங்களுக்குக் கக்கூஸ் கட்ட வச்சுட்டாங்க. இப்ப நாங்கல்லாம் தண்ணி குடிக்கிறோம்."